மந்தையை இழந்த மேய்ப்பு நாய்கள்

வட இங்கிலாந்தில் வசிக்கும் என் மகளின் வீட்டில் 'பெஸ்' என்றொரு நாய் இருக்கின்றது. கறுப்பும் வெள்ளையும் கலந்த போர்டர் கொலி இனம். ஆட்டுப் பண்ணையொன்று மூடப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்டு, நாய்க் காப்பகம் ஒன்றிற் பல மாதங்கள் இருந்து, மூன்று வயதில் இவர்களிடம் வந்து சேர்ந்தது. வந்து ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. தெருவிற் கார் போனால் அதன் சில்லை நோக்கிப் பாயும். பேரப்பிள்ளைகள் முற்றத்தில் ஓடினால், தலையைத் தாழ்த்திப் பதுங்கிச் சென்று, சுற்றி வளைத்து, அவர்களை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒருநாள் சின்னவனின் குதிக்காலிற் பல்லும் பட்டுவிட்டது. இரத்தம் வரவில்லை, ஆனால் வீடு கலங்கிவிட்டது. "இதை இனி வைச்சிருக்க ஏலாது அப்பா" என்றாள் மகள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மக்களோடு மக்களாக வெளியேறியபோது, எங்கள் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு வந்தவன் நான். அந்த இடப்பெயர்வைப் பற்றிப் பின்னர் எவ்வளவோ எழுதினேன். அந்த நாயைப் பற்றி ஒரு வரிதானும் எழுதியதில்லை. ஆகவே, பெஸ் ஏன் இப்படி நடந்துகொள்கின்றது என்பதைத் தேடிப் பார்க்கும்வரை பொறுத்திருக்குமாறு மகளிடம் கேட்டுக்கொண்டேன். பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

இந்த நாயின் வரலாறு ஓநாயின் அழிவிலிருந்து தொடங்குகின்றது எனலாம். ஓநாய்கள் திரியும் நாடுகளில் மேய்ப்பனுக்குத் தேவைப்பட்டது காவல் நாய். மந்தையோடு மந்தையாகப் படுத்துறங்கி, எதிரி வந்தால் எதிர்த்து நிற்கும் பெரிய நாய் அது. இங்கிலாந்திலோ 16ஆம் நூற்றாண்டில் ஓநாய் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. எலிசபெத் அரசிக்கு மருத்துவராக இருந்த ஜோன் கேயஸ், 1570இல் பிரித்தானிய நாய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். ஓநாயோடு மோத வேண்டிய தேவை இல்லாதபடியால் மேய்ப்பனின் நாய் நடுத்தர உருவமே உடையது என்றும், அவனுடைய குரலுக்கும் சீழ்க்கைக்கும் கையசைவுக்கும் ஏற்ப ஆடுகளை அவன் விரும்பிய இடத்துக்குக் கொண்டுவருகின்றது என்றும் அதிற் குறிப்பிட்டிருக்கின்றார். பெஸ்ஸை நேரிற் கண்டவர் எழுதியது போல் இருந்தது எனக்கு.

ஆனால் ஆடுகளை ஓட்டும் ஆற்றலும் ஓநாயின் முதுசொம்தான். குறிவைத்துப் பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கௌவுதல், கொல்லுதல் என்பது வேட்டையின் ஒழுங்கு. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைத் தெரிவு செய்து, முதல் மூன்றையும் கூர்மையாக்கி, கடைசி இரண்டையும் மழுங்கச் செய்தார்கள். மழுங்கியது முற்றாக மறைந்துவிடவில்லை என்பதற்குச் சின்னவனின் குதிக்கால் சாட்சி.

இந்த நாயைப் புகழ்ந்து எழுதுவோர் அதிகம் தொடாத பக்கம் ஒன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு நிலவுடைமையாளர்கள், குடிகள் தரும் வாடகையைவிடச் செம்மறி ஆடுகளால் வரும் வருமானம் அதிகம் என்று கண்டார்கள். கேலிக் மொழி பேசிய குடிகள் தலைமுறைகளாக வாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த நிலங்களுக்கு ஆடுகள் வந்தன. ஆடுகளோடு தெற்கு எல்லைப் பிரதேசத்து மேய்ப்பர்களும் அவர்களுடைய நாய்களும் வந்து சேர்ந்தார்கள். 1792இல் ரோஸ் பகுதி மக்கள் திரண்டு அந்த ஆடுகளைத் தங்கள் பிரதேசத்திலிருந்து ஓட்டிக்கொண்டுபோய் வெளியேற்ற முயன்றார்கள். இராணுவத்தை வரவழைத்து அதை அடக்கினார்கள். 'ஆடுகளின் ஆண்டு' என்றே கேலிக் மக்களின் நினைவில் அது நிலைத்திருக்கின்றது. பல குடும்பங்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குக்கு ஒரு மேய்ப்பனும் ஓரிரு நாய்களும் போதும் என்று ஆகிவிட்டது. நாய் எதையும் அறிந்து செய்யவில்லை என்பது உண்மையே. எனினும் அதன் திறமை இல்லாமல் அந்தக் கணக்குச் சரிவந்திராது. ஊரை இழந்தவன் என்ற வகையில் இந்தப் பகுதியை வாசித்தபோது பெஸ்ஸை நான் சற்றுக் கோபத்தோடுதான் பார்த்தேன். அதுவோ என் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

இன்றைய போர்டர் கொலிகளுக்கு மூதாதை எனக் கொள்ளப்படுவது, 1893இல் நோர்தம்பர்லாந்தில் அடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்னும் நாய். அதன் தந்தை இணக்கமான சுபாவமும் வலுக்குறைந்த பார்வையும் உடையது. தாயோ கூச்சமானது, ஆனால் ஆடுகளை அசையவிடாத கடும் பார்வை அதற்கு. ஹெம்ப் குரைக்காமல் அமைதியாக, பார்வையாலேயே மந்தையை நகர்த்தியது. 1901இல் இறப்பதற்கு முன் ஏறத்தாழ 200 குட்டிகளுக்குத் தந்தையாகிவிட்டது. 1906இல் மேய்ப்பு நாய்களுக்கெனச் சர்வதேசச் சங்கம் ஒன்றும் தோன்றியது.

மேய்ச்சல் வெளியில் மட்டும் அறியப்பட்டிருந்த நாய் வரவேற்பறைக்கு வந்தது பின்னரே. 1976இல் பிபிசி, மேய்ப்பு நாய்ப் போட்டிகளைத் தொலைக்காட்சியிற் காட்டத் தொடங்கியது. அதே ஆண்டிற் பிரித்தானியாவின் கெனல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தது. அமெரிக்காவில் 1995இல் அதே அங்கீகாரம் கிடைத்தபோது, அழகுக்காக வளர்த்தால் வேலைத்திறன் கெட்டுவிடும் என்று அங்குள்ள மேய்ப்பு நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தார்கள். மறுபுறம், மேய்ச்சல் வெளியில் நாலுசில்லு மோட்டார் வண்டி நாயின் வேலையிற் பங்கு கேட்டது. 2001இற் பரவிய கால்வாய் நோயின்போது பிரித்தானியாவில் 60 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை செம்மறிகள். ஆடில்லாத பண்ணையில் மேய்ப்பு நாய்க்கு என்ன வேலை?

இவ்வாறு வேலையிழந்த நாய்களும், அழகைப் பார்த்து வாங்கிச் சமாளிக்க முடியாமற் கைவிடப்பட்ட நாய்களுமே காப்பகங்களுக்கு வருகின்றன. அவற்றை எடுத்து வளர்ப்போர் செய்யும் முதற் பிழை, களைக்கக் களைக்க ஓடவிடுவது. நாங்களும் அதையே செய்தோம். பந்தை எறிந்து எறிந்து, பந்தைத் தவிர வேறெதையும் காணாத வெறியொன்றை அதற்கு உண்டாக்கிவிட்டோம். உண்மையில் அதற்கு வேண்டியது மூளைக்கு வேலையும், ஓய்ந்திருக்கப் பழக்கமுமே. ஒளித்து வைத்த பொருளை மோப்பம் பிடித்துத் தேடச் செய்வதும், பொருட்களின் பெயர்களைக் கற்பிப்பதும் ஓட்டத்தைவிடப் பயன் தந்தன. (அமெரிக்காவில் 'சேஸர்' என்ற போர்டர் கொலி 1,022 விளையாட்டுப் பொருட்களைப் பெயர் சொல்ல இனங்கண்டதை ஜோன் பிலே என்ற பேராசிரியர் 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பெஸ்ஸின் கணக்கு இன்னும் பதினான்கிலேயே நிற்கின்றது.) தெருவில் நீண்ட கயிறு, கார் வருமுன்னரே திசை திருப்பிவிடுதல், பிள்ளைகள் ஓடி விளையாடும் வேளையில் இடையில் ஒரு படலை. பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் மாதக்கணக்கிற் பொறுமை வேண்டும்.

வைத்தியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொலி வகை நாய்கள் சிலவற்றில், பூச்சி மருந்தாகிய ஐவர்மெக்டின் சற்று அதிகமானாலும் மூளையைத் தாக்குமளவுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. இதன் காரணத்தை 2001இல் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திற் கண்டறிந்தார்கள். நீள்மயிர்க் கொலியில் அது மிகப் பரவலானது, போர்டர் கொலியில் அரிது. ஆனாற் காப்பகத்திலிருந்து வரும் நாயின் தாய் தந்தை எவையென்று யாருக்குத் தெரியும்? மிருக வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஒரு மாலை வயல்வெளியில் பெஸ் பிள்ளைகளை வளைக்கத் தொடங்கியபோது, அவ்வழியே வந்த முதிய விவசாயி ஒருவர் உரத்த குரலில் 'தாட்ல் டூ' என்றார். அது அங்குள்ள மேய்ப்பர்கள் வேலை முடிந்ததும் நாய்க்குச் சொல்லும் வார்த்தை. 'போதும்' என்று பொருள். பெஸ் அப்படியே நின்றது. பின்னர் திரும்பி வந்து அவர் காலடியிற் படுத்துக்கொண்டது. அந்த வார்த்தையைக் கேட்டு அதற்கு எத்தனை மாதமோ!

திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. இப்போது பிள்ளைகள் ஓடி முடித்ததும் அந்த வார்த்தையைச் சொல்வது என் பொறுப்பு. என் உச்சரிப்புப் பிழையென்று பேரன் சொல்கின்றான். பெஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை.