250 அடி: ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

கலிபோர்னியாவின் பழைய பெட்ரோல் பங்குகளுக்கடியில் மண்ணும் நீரும் கெட்ட வரலாற்றை எழுதுபவர்கள் 1995-ஆம் ஆண்டின் ஓர் அறிக்கைக்கு வந்தே ஆகவேண்டும். மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் டேவிட் ரைஸ் தலைமையிலான குழு தயாரித்தது அது. நிலத்தடி எரிபொருள் தொட்டிகள் கசிந்த இடங்களின் கோப்புகளைத் திரட்டி, போதிய தரவு இருந்த 271 இடங்களை அக்குழு ஆராய்ந்தது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீன் என்பதை விளிம்பாகக் கொண்டால், மாசுப் படர்வு 250 அடியைத் தாண்டுவது அரிது என்பது அதன் முடிவு. மண்ணின் நுண்ணுயிர்கள் பென்சீனைச் சிதைத்துவிடும். கசிவின் மூலத்தை அகற்றினால் மிச்சத்தை இயற்கையிடம் விடலாம் என்றது குழு.

பரிந்துரை வந்தது அக்டோபரில். டிசம்பர் 8-ஆம் தேதியே வாரியத்தின் நிர்வாக இயக்குநர் வட்டார வாரியங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார். நீர்மட்டம் 50 அடிக்குள் இருந்து, கசிவிலிருந்து 250 அடிக்குள் குடிநீர்க் கிணறும் இல்லையென்றால், அங்கே துப்புரவு வேலைக்குப் பதிலாகக் கண்காணிப்பு போதும் என்றது அந்தக் கடிதம். இரண்டே மாதத்தில் ஓர் ஆய்வு முடிவு நிர்வாக எல்லைக்கோடானது.

இந்த அறிக்கையை ஆதரிப்போர் சொல்லும் சமாதானம் பிரபலமானது: ரைஸ் குழு பென்சீனைப் பற்றித்தான் பேசியது, பென்சீனைப் பொறுத்தவரை அது சரியே, பெட்ரோலில் கலக்கும் எம்டிபிஇ என்ற புதிய சேர்மம் பின்னால் வந்து கணக்கைக் குலைத்தது. இந்த வாசிப்பில் பாதிதான் உண்மை.

முதலில் ‘பின்னால் வந்தது’ என்பதைப் பார்க்கலாம். அமெரிக்கப் பெட்ரோலில் எம்டிபிஇ 1979 முதலே கலக்கப்பட்டது. கலிபோர்னியாவின் போர்ட் ஹுயெனெமி கடற்படைத் தளத்தின் பெட்ரோல் பங்கில் 1984-85-இல் கசிந்த பெட்ரோலிலும் அது இருந்தது. அங்கே எம்டிபிஇ படர்வு சுமார் 5,000 அடி நீண்டது. சாண்டா மோனிகாவின் குடிநீர்க் கிணறுகளில் எம்டிபிஇ தென்பட்டதும் அறிக்கை வெளிவந்த அதே 1995-இல்தான். 1996-இன் நடுவில் அந்நகரின் சார்னாக் கிணறுகள் மூடப்பட்டன. நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. பெட்ரோலில் பல ஆண்டுகளாக இருந்த ஒரு பொருளைக் கோப்புகள் தேடவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். தேடாத பொருளுக்குக் கோப்பில் தடயம் இருக்காது.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. 250 அடி என்பது மாசின் நீளமா, கிணறு தோண்டிய தூரமா? இதற்கு நியூயார்க்கின் லாங் தீவிலுள்ள ஈஸ்ட் பேட்சோக் தரும் சான்றை நின்று படிக்க வேண்டும். அங்கே ஒரு பங்கின் தொட்டிகள் 1988-இல் எடுக்கப்பட்டன. வழக்கமான முறையில் தொட்டிக் குழியைச் சுற்றித் துளையிட்டுத் தேடியதால் இந்தக் கசிவு வெளிப்படவில்லை. சுமார் 4,000 அடி தள்ளியிருந்த ஒரு வீட்டுக் கிணற்று நீர் கெட்டதால் வெளிப்பட்டது. அங்கிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டே பங்குக்கு வந்தார்கள். வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுக்கும் குழாய்களை இறக்கியபோது, எம்டிபிஇ சுமார் 6,000 அடி ஓடியிருப்பது தெரிந்தது. முக்கியமான செய்தி அதன் ஆழம். வழியிலிருந்த ஒரு சரளைக் குழியில் மழைநீர் அதிகமாக இறங்கியது; அது மாசைக் கீழே தள்ளிவிட்டது. நீர்மட்டத்தை ஒட்டி மட்டும் துளையிட்ட குழாய் கொண்ட கண்காணிப்புக் கிணறு அந்த இடத்தில் இருந்திருந்தால், தெளிந்த நீரைக் காட்டி, ‘படர்வு முடிந்தது’ என்று பொய்ச்சாட்சி சொல்லியிருக்கும்.

கலிபோர்னியாவின் 271 இடங்களில் எத்தனையில் இப்படி நடந்தது என்று ஒரு மணற்பாங்கான தீவை வைத்து நிறுவிவிட முடியாது. டெக்சஸில் 1997-இல் வந்த ஆய்வும் பென்சீன் படர்வுகளில் பெரும்பாலானவை 250 அடிக்குட்பட்டவை என்றே கண்டது. இதை ரைஸ் குழுவுக்கு ஆதரவான தனிச்சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் டெக்சஸ் ஆய்வும் ஒழுங்காற்றுக் கோப்புகளைத்தான் படித்தது. அந்தக் கோப்புகளிலுள்ள கண்காணிப்புக் கிணறுகளும் பெரும்பாலும் பங்கின் வேலியை ஒட்டியே தோண்டப்படுபவை. ஒரே பழக்கத்தில் பிறந்த இரண்டு தொகுப்புகள் ஒத்துப்போவது மண்ணின் இயல்பைக் காட்டலாம். தோண்டியவர்களின் பழக்கத்தையும் காட்டலாம். பென்சீன் சீக்கிரம் சிதைகிறது என்பதில் ஐயமில்லை. அந்தச் சிதைவுக்கு 250 அடி என்று வரம்பு கட்டியதுதான் அவசரம்.

திருத்தம் அதே ஆய்வகத்திலிருந்தே வந்தது. 1998-இல் லிவர்மோரின் இன்னொரு குழு, எம்டிபிஇ தரவு இருந்த 236 கசிவு இடங்களில் 78 விழுக்காட்டில் அது இருப்பதைக் கண்டது. மாநிலம் முழுதும் 10,000-க்கு மேற்பட்ட இடங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. 1999 மார்ச்சில் ஆளுநர் கிரே டேவிஸ் எம்டிபிஇ-யைக் கைவிட ஆணையிட்டார்.

ஒவ்வொரு கசிவும் எப்போது தொடங்கியது என்பதில்தான் இந்த வரலாறு இன்னும் தடுமாறுகிறது. அளவுகோலால் தொட்டியை அளந்து விற்பனையுடன் ஒப்பிடும் கணக்கேட்டில், வெப்பத்தால் எரிபொருள் விரிவதும் அளவுப் பிழையும் சேர்ந்து சிறு கசிவை விழுங்கிவிடும். ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்கு எழுத்தமைதியைக் கொண்டு காலம் சொல்வதுபோல, இங்கே நீரிலுள்ள சேர்மங்களே துணை. எம்டிபிஇ இருந்தால் அந்த எரிபொருள் 1979-க்கு முந்தியதல்ல. ஈயப் பெட்ரோலுடன் சேர்க்கப்பட்ட எத்திலீன் டைபுரோமைடு இருந்தால், ஈயம் விலக்கப்படுமுன் கசிந்தது என்று கொள்ளலாம். இரண்டும் ஒரே கிணற்றில் கிடைக்கும்போது, கசிவு ஒன்றா, பழைய தொட்டியும் புதிய தொட்டியும் அடுத்தடுத்துக் கசிந்தனவா என்பதைச் சேர்மங்களை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது.