வடுவின் வரைபடமும் பாகூரில் எடுக்க வேண்டிய ஈ.சி.ஜி.யும்

மாரடைப்பில் செத்த இதயத்தசை ஆறும்போது நார்த்திசுவாக இறுகுகிறது. நார்த்திசு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த வடுவின் உள்ளே உயிர் தப்பிய தசையிழைகள் சில ஓடுகின்றன. அவற்றின் வழியே மின் அலை மெல்ல ஊர்ந்து, மறுமுனையில் வெளிப்பட்டு, சுற்றி வந்து மீண்டும் அதே வழியில் நுழைந்துவிட்டால் சுழற்சி தொடங்கிவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், மயக்கம் வரும், சிலருக்கு அத்தோடு உயிரும் போகும். கீழறை மிகைத்துடிப்பு என்று நூல்களும் வி.டி. என்று மருத்துவமனைகளும் சொல்வது இதைத்தான். வடுவை வரைந்து, சுழற்சிப் பாதையை, ரத்தக்குழாய் வழியே செலுத்தும் கதீட்டரால் சுட்டுத் துண்டிப்பது அப்லேஷன் சிகிச்சை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வரும் நோயாளியைப் பொறுத்தவரை இந்த வரைபடத்தின் முதல் கோடு கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற உயர் மருத்துவமனையில் விழுவதில்லை, ஊருக்குப் பக்கத்தில் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படும் பன்னிரண்டு லீடு ஈ.சி.ஜி.யில் விழுகிறது என்பதே என் வாதம்.

1979-இல் மார்க் ஜோசப்சனும் ஆல்டன் ஹார்க்கனும் மின்பதிவு காட்டிய இடத்தில் வடுவின் உட்படலத்தை அறுவையால் அகற்றினார்கள். 1997-இல் கெப்ஸ்டீன், பென்-ஹைம் குழு வெளியிட்ட முறையில் கத்திக்கு வேலையில்லை: காந்தப்புலத்தில் கதீட்டர் நுனியின் இடம் கணிக்கப்படுகிறது, அது தொடும் ஒவ்வொரு புள்ளியின் மின்னழுத்தமும் திரையில் நிறமாகிறது. 2000-இல் பிலடெல்பியாவின் மார்ச்லின்ஸ்கி குழு அந்த நிறங்களுக்கு எல்லைகளை வகுத்தது. 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் நல்ல தசை, 0.5-க்குக் கீழ் அடர்ந்த வடு, இரண்டுக்கும் நடுவில் எல்லைப் பகுதி. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் இந்த எண்களே புழங்குகின்றன.

மார்ச்லின்ஸ்கி குழுவின் கட்டுரையில் நிறங்களுக்குக் கிடைத்த கவனம் இன்னொரு செய்திக்குக் கிடைக்கவில்லை. அதில் இடம்பெற்ற 16 பேரின் மிகைத்துடிப்பும் ஓடவிட்டு வரைய முடியாத வகை. எனவே இயல்பான துடிப்பில் வடுவை வரைந்தார்கள். ஆனால் சூட்டுக்கோடு எங்கே செல்ல வேண்டும் என்பதை நிறம் மட்டும் தீர்மானிக்கவில்லை. வடுவின் ஓரத்தில் ஒவ்வோர் இடமாகச் செயற்கைத் துடிப்பு கொடுத்து, அது எழுதும் பன்னிரண்டு லீடு வடிவத்தை நோயாளியின் மிகைத்துடிப்பு ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள். எங்கே ஒத்துப்போனதோ அங்கே கோடு. கோடையில் பாகூர் ஏரியின் வாய்க்கால்களையெல்லாம் வரைந்துவிடலாம். போன மழையில் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது என்பது அந்தப் படத்தில் இராது. வடுவின் வரைபடமும் அப்படித்தான்; ஓடிய பாதையைச் சொல்வது ஈ.சி.ஜி. ஒப்பீடு. மானிட்டர் திரையின் ஒற்றை லீடு அந்த ஒப்பீட்டுக்குப் போதவே போதாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2015-இல் வெளியான விஸ்டா ஆய்வில் 118 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் வெளிப்பட்ட மிகைத்துடிப்பை மட்டும் குறிவைத்தனர். மற்றதில் வடுப்பரப்பு முழுவதையும் சுட்டனர். ஓராண்டில் நோய் திரும்பியது முதல் பிரிவில் 48.3 விழுக்காடு, இரண்டாவதில் 15.5. முழு வடுவையும் சுடுவதே மேல் என்றால் பழைய ஈ.சி.ஜி. எதற்கு?

விஸ்டாவில் இருந்தவர்கள் மாரடைப்பு வடு உடையவர்கள். அவ்வடு உட்சுவரிலிருந்து வெளிநோக்கிப் பரவுவது, ஆகவே கதீட்டருக்கு எட்டும். நம்மிடம் வருபவர் எல்லோரும் அப்படியில்லை. ஐதராபாத் கேர் மருத்துவமனைக் குழு 2011-இல் வெளியிட்ட நோயாளிகளுக்குக் கீழறையின் பம்ப் செய்யும் திறன் குறையவில்லை. நெஞ்சுக்கூட்டு நிணநீர்க் கணுக்களில் காசநோயோ சார்க்காய்டு என்னும் அழற்சி நோயோ இருந்தது, வெளிப்பட்டது மிகைத்துடிப்பாக. இத்தகைய வடு சுவரின் நடுவிலோ வெளிப்புறத்திலோ பதுங்கலாம், உட்புற வரைபடம் நல்ல நிறத்தையே காட்டிவிடலாம். வெளிப்புறத்திலிருந்து கிளம்பும் துடிப்பின் தொடக்கம் ஈ.சி.ஜி.யில் சாய்ந்து இழுபட்டு வரும். அந்த ஒரு குறிப்பு எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லக்கூடும். பிரேசிலில் சாகஸ் நோய் விளைவிக்கும் வெளிப்புற வடுவைத் தேடித்தான் எடுவார்டோ சோசா 1996-இல் விலா எலும்புக்கூட்டின் கீழ் ஊசி நுழைத்து இதய உறைக்குள் செல்லும் வழியைக் கண்டார். அந்தந்த ஊரின் நோய்தான் அந்தந்த ஊரின் வரைபட முறையைக் கேட்கிறது.

வடுவின் படம் தானாகவே சிகிச்சையாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு மேலறையில் அடி விழுந்தது. மேலறைத் துடிப்புக் கோளாறு உள்ள 843 பேரைச் சேர்த்த டீகாஃப்-2 ஆய்வில் (2022) எம்.ஆர்.ஐ. காட்டிய நார்த்திசுவையும் சேர்த்துச் சுட்டதால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. கீழறை வேறு கதை என்பது உண்மை. எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

சான்றுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழறை அப்லேஷனைச் சோதித்த 2024-இன் வேனிஷ்-2 ஆய்வில் 416 பேருக்கும், உடலுக்குள் இருந்தே ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி பொருத்தப்பட்டிருந்தது. தான் கண்டறியும் மிகைத்துடிப்புகளை அக்கருவி பதிந்து வைத்துக்கொள்ளும். விவசாயக் கூலிக் குடும்பத்திடம் விலை மிகுந்த அக்கருவியை எதிர்பார்க்க முடியாது. கருவி இல்லாதவருக்குத் துடிப்பின் ஒரே சாட்சி, ஷாக் கொடுப்பதற்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. தாள்.

நாடி இல்லையென்றால் உடனே ஷாக், அதில் விவாதம் கிடையாது. நினைவோடு பேசிக்கொண்டிருப்பவருக்கோ பத்து வயர்களை ஒட்டிப் பத்து நொடி பதிவெடுக்கப் பெரும்பாலும் அவகாசம் உண்டு. மாரடைப்புக்காக இந்த வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தில் (2017-இல் வெளியான முடிவு) ஓராண்டு இறப்பு 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. நோயாளிக்கு முன்னே ஈ.சி.ஜி. பெரிய மருத்துவமனைக்குப் போவது அதன் ஓர் அங்கம். நெஞ்சுவலி இல்லாமல் படபடப்போடு மட்டும் வந்தவரின் தாளும் அதே வழியில் போக வேண்டும்.

பாகூருக்குப் புதுவை நகரைவிடத் தமிழ்நாட்டின் கடலூர் கிட்டம். நள்ளிரவில் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து அரசின் பதிவேட்டில் தாள் தங்கிவிடும். சூடுபட்டு எழுத்தாகும் அந்தக் காகிதம் வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் மங்கியும் போகும். ஷாக்குக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு தாள்களையும் அங்கேயே படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து, உடன்வந்தவரின் கைபேசிக்கும் அனுப்பிவிட்டால், பிறகு எந்த மருத்துவமனையின் மேசைக்குப் போனாலும் அது ஒப்பிடக் கிடைக்கும்.