தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம்

தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் குடிநீர், பாதாளச் சாக்கடை, சாலைப் பணிகளுக்காக நீண்டகாலக் கடன் வழங்கும் அறக்கட்டளை. உலக வங்கி உதவியுடன் 1988இல் மாநில அரசு தொடங்கிய நகராட்சி வளர்ச்சி நிதி 1996இல் இவ்வடிவம் பெற்றது. ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல் அண்ட் எஃப்எஸ் ஆகியவை பங்கேற்றன. நிதியத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தில் அரசின் பங்கு 49 சதவீதமாக மட்டுமே இருந்தது. எந்த ஊருக்குக் கடன் என்பது கோட்டையில் மட்டும் முடிவாகாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவியது.

74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, புதிய மன்றங்கள் அமைந்திருந்தன. கடன் வாங்கும் முடிவில் மக்களைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலந்தூரே சிறந்த சான்று. அப்போது தனி நகராட்சியாக இருந்த அவ்வூரில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத்தொகை கேட்கப்பட்டது. நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் கவுன்சிலர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களோடு பேசினார்கள். பள்ளம் தோண்டாத தெருக்களிலிருந்தே பணம் வந்தது. 2000இல் வேலை தொடங்கியது. கடன் கொடுப்பவருக்கு எந்த வரவு செலவு அறிக்கையையும்விட நம்பகமான தகவல் அந்த வசூல்தான்.

சிற்றூர்கள் தனியே கடன் சந்தைக்குப் போக முடியாது. எனவே 2002இல் 13 உள்ளாட்சிகளின் குடிநீர், துப்புரவுத் திட்டங்களுக்காக 30.41 கோடி ரூபாய்க்குக் கூட்டுக் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. வட்டி 9.2 சதவீதம், தவணைக்காலம் 15 ஆண்டு. ஒவ்வொரு ஊரும் ஆண்டுத் தவணையில் ஒன்பதில் ஒரு பங்கை மாதந்தோறும், கடனை அடைக்கவென ஒதுக்கிய எஸ்க்ரோ கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. ஒன்பதே மாதத்தில் ஆண்டுத் தவணை சேர்ந்துவிடும். தவறினால், மாநில அரசு அந்த ஊருக்குத் தரவேண்டிய வரிப்பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ள வழி இருந்தது. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் உத்தரவாதம் தந்தது.

முதலீட்டாளருக்கு இது வலுவான காப்பு. ஊருக்கு அவ்வளவு நல்லதல்ல. பிடித்தம் உறுதி என்றானபின், சொத்து வரியைச் சீர்செய்யும்படி வற்புறுத்தக் கடன் கொடுப்பவருக்குக் காரணம் குறைகிறது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். ஐந்தாண்டுக்கும் மேல் இந்த ஊர்களின் கடன்களைப் பற்றிக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. உள்ளாட்சிக்குக் கடன் தருபவர்கள், மன்றம் இருப்பதையே ஒப்பந்த நிபந்தனையாக வைக்க வேண்டும்.