தோட்டத்தில் பாம்பு கடித்தால்: கயிறு வேண்டாம், காலதாமதமும் வேண்டாம்

செம்பனைத் தோட்டத்தில் எலிகள் அதிகம். எலியைத் தேடிப் பாம்பும் வரும். வெட்டி அடுக்கிய மட்டைகளின் அடியிலும் காய்ந்த சருகுகளுக்குள்ளும் அது படுத்திருக்கும். உதிரிப் பழம் பொறுக்குபவர்களும், விடியுமுன் பால் வெட்டச் செல்பவர்களும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

எந்தப் பாம்புகள்?

குழிவிரியன்: மலாய் மொழியில் ‘காப்பாக் போடோ’. கெடா, பெர்லிஸ் உள்ளிட்ட வட மாநிலங்களில் காணப்படுகிறது. முக்கோணத் தலையும் சருகு நிற உடலும் கொண்டது. ஆள் நெருங்கினாலும் நகராமல் கிடக்கும். அதனால்தான் பலர் தெரியாமல் மிதித்துவிடுகிறார்கள். இதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

நாகப்பாம்பு: மலாயில் ‘தெடுங்’. இங்குள்ள ஒரு வகை, கண்ணை நோக்கி விஷத்தைப் பீச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டுவிரியன்: இரவில் நடமாடும். கடித்த இடத்தில் வலி குறைவாக இருக்கலாம். ஆனால் நேரம் செல்லச் செல்லக் கண் இமை தொங்கி, மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டில் முன்னோர் அஞ்சிய கண்ணாடி விரியன் மலேசியாவில் இல்லை. பாம்பு வேறு என்பதால் முறிமருந்தும் வேறு. இங்குள்ள மருத்துவமனைகள் பெரும்பாலும் தாய்லாந்தில் தயாராகும் முறிமருந்தையே பயன்படுத்துகின்றன.

மந்திரம் பலித்தது எப்படி?

பினாங்கில் பாம்புக்கடி நோயாளிகளை ஆராய்ந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், குழிவிரியன் கடித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விஷம் ஏறவில்லை அல்லது சிறிதளவே ஏறியிருந்தது என்று 1960களில் எழுதினார். மந்திரித்துப் பிழைத்ததாகச் சொல்லப்படும் பலரின் கதையும் இதுவாகவே இருக்கலாம். விஷம் ஏறியவருக்கோ அந்த ஒரு மணி நேரம் உயிரின் விலை.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

• பாம்பைவிட்டு விலகி, கடிபட்டவரை அமைதிப்படுத்தி உட்கார அல்லது படுக்க வைக்கவும்.
• மோதிரம், வளையல், கொலுசு, பூட்ஸ் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றவும்.
• கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.
• 999 எண்ணை அழைக்கவும், அல்லது வாகனத்தில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். நடக்க விடக்கூடாது.
• முடிந்தால் தூரத்திலிருந்து பாம்பைப் படம் எடுக்கவும்.

செய்யக்கூடாதவை

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை பூசுவது, சாராயம் கொடுப்பது எதுவும் உதவாது. இறுகிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, கை காலையே இழக்கச் செய்யலாம். பாம்பை அடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். வெட்டுண்ட தலையும் கடிக்கும்.

மருத்துவமனையில்

இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருப்பது நல்லது. ‘ஒன்றும் இல்லை’ என்று பாதியில் வீடு திரும்பக்கூடாது.

வருமுன் காக்க

பூட்ஸ் அணிய வேண்டும். பழம் பொறுக்குமுன் சருகைக் கையால் அல்ல, குச்சியால் விலக்க வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் நடக்கக்கூடாது. வீட்டைச் சுற்றிக் குப்பையும் பழைய பலகையும் சேரவிடக்கூடாது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அதை நெருங்காமல், தீயணைப்பு மீட்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழைக்கலாம்.