டயகமவில் ஹீட் கன் வாங்குவதற்கு முன்: வயரா, பற்றரியா?

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிறது டயகம. அங்குள்ள தோட்டங்களில் வயரிங், தொலைபேசி திருத்தம், முச்சக்கரவண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுதல் போன்ற வேலைகளைச் செய்யும் இளைஞர்கள் சிலருடன் அண்மையில் பேசினேன். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஹீட் கன் வாங்கினால் வயர் உள்ளதா, பற்றரியில் இயங்குவதா?" பெயரில் மட்டும் துப்பாக்கியான இந்தக் கருவி செய்வதெல்லாம் சூடான காற்றை ஊதுவதுதான். ஆனால் தவறானதை வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை. லயனில் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

முதலில் மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். வயருள்ள ஹீட் கன்கள் பெரும்பாலும் 1500 முதல் 2000 வோட் வரை எடுப்பவை. எமது நாட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். பழைய லயன் அறைகளில் காணப்படும் சிறிய வட்டமுனைப் பிளக்குகள் 5 அம்பியருக்கானவை. அவை தாங்கக்கூடியது 1150 வோட் மட்டுமே. 1500 வோட் கருவிகூட 6.5 அம்பியர் எடுக்கும். மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகி வேலையை ஆரம்பித்தால் கருவி இயங்கத்தான் செய்யும். சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர்தான் சூடேறும்.

லயன் குடியிருப்பில் தீ என்ற செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது. மின்னொழுக்கே காரணமாக இருக்கலாம் என்ற வரியும் பல தடவைகள் அதில் இருக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருப்பதால், ஒரு அறையில் பிடிக்கும் தீ அந்த அறையோடு நிற்பதில்லை. ஆகவே வயருள்ள கருவியை 13 அம்பியர் சதுரமுனைப் பிளக், அதற்கேற்ற தடிப்பான வயர், ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் குறைந்தது 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி கொண்டதாக இருக்கட்டும். சுருளை முழுவதுமாக விரித்த பின்னரே பயன்படுத்துங்கள். சுற்றியபடி இருக்கும் வயர் தன் சூட்டிலேயே உருகும்.

இன்னொரு விடயம், மாலை நேர மின்னழுத்தம். நீண்ட மின்கம்பி வழியின் கடைசியில் இருக்கும் வீடுகளில், எல்லோரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது மின்னழுத்தம் இறங்கிவிடும். அது 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வோட் ஹீட் கன் ஏறத்தாழ 1225 வோட் அளவுக்கே வேலை செய்யும். கருவி பழுதில்லை, மின்சாரம்தான் போதவில்லை.

அடுத்தது பற்றரிக் கருவி. வடக்கில் பற்றரி தடைப்பட்டியலில் இருந்த காலத்தையும், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட நாட்களையும் மறக்காத வாசகர்களுக்கு, கையில் மின்சாரம் வைத்திருப்பதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. பிந்திய ஆண்டுகளில் நாடு முழுவதுமே அதை உணர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாட்டையே இருளாக்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் நுவரெலியா மாவட்டத்தில் வீதிகளையும் மின்சாரத்தையும் துண்டித்தன.

ஆனால் பற்றரிக்கும் எல்லை உண்டு. 18 வோல்ட், 5 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் இருப்பது 90 வோட் மணி. கருவி 300 வோட் எடுத்தால் 18 நிமிடம் ஓடும். 500 வோட் எடுத்தால் 11 நிமிடம்கூட ஓடாது. இது குறைவாகத் தோன்றலாம். எனினும் வயர் இணைப்பின் மேல் போடும் சுருங்கு குழாயைச் சூடாக்க 15 விநாடி என்று வைத்தால், அந்த 11 நிமிடத்திலேயே 40க்கு மேற்பட்ட இணைப்புகளை முடிக்கலாம். சார்ஜர் எடுக்கும் மின்சாரமும் குறைவு. 100 வோட் சார்ஜர் அரை அம்பியர்கூட எடுப்பதில்லை, 5 அம்பியர் பிளக்குக்கு அது சுமையே அல்ல. டயகமவில் பனி உறையும் தை, மாசி அதிகாலைகளில் மட்டும் பற்றரியை வெளியே வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் பற்றரி பழுதாகும்.

எந்த வேலைக்கு எது?

வயரிங், முச்சக்கரவண்டி மின்வேலை, கம்பத்திலும் கூரையிலும் ஏறிச் செய்யும் இணைப்புகள்: பற்றரிக் கருவி. சுருங்கு குழாய் பெரும்பாலும் 90 முதல் 120 பாகை செல்சியஸில் சுருங்கிவிடும். பெரிய சூடு தேவையில்லை.

பி.வி.சி. குழாய் வளைத்தல், வண்டி முழுவதற்கும் ஸ்டிக்கர் ஒட்டுதல், பழைய பெயின்ற் உரித்தல்: வயருள்ள கருவி. இவற்றுக்குத் தொடர்ச்சியான சூடு வேண்டும். மலைக்காற்று வீசும் திறந்த வெளியில் பற்றரிக் கருவியின் சூடு சிதறிப்போகும். பி.வி.சி. கருகும் வரை சூடேற்றாதீர்கள், நச்சு வாயு வெளியேறும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் குறைந்த சூட்டில், கதவு ஜன்னலைத் திறந்து, குழந்தைகள் இல்லாதபோது உரிக்க வேண்டும்.

ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாயை இணைப்பில் ஏற்றுவதற்கு: இரண்டும் வேண்டாம். ஒரு போத்தல் கொதிநீர் போதும். லைற்றரால் சூடாக்கினால் ஒரு பக்கம் உருகி, பிறகு அதே இடத்தில்தான் கசியும்.

போரில் காலை இழந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பொலிபுரொப்பிலினால் ஆன செயற்கைக் காலின் சாக்கெட் அழுத்தினால், அதைச் சூடாக்கிச் சரிசெய்ய ஹீட் கன் பயன்படுவது உண்மைதான். ஆனால் அது பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டில் முயன்றால் சாக்கெட்டின் வடிவம் கெட்டு, தோலில் புண் வரும். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்துக்கே கொண்டுசெல்லுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் பற்றரியும் சார்ஜரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பற்றரிக் கருவிகள் பல வெறும் கருவியாகவே விற்கப்படுகின்றன. கையில் ஏற்கனவே பற்றரி ட்ரில் இருந்தால், அதே பற்றரி பொருந்தும் ஹீட் கன்னை வாங்குவதே இலாபம். மின்பிறப்பாக்கியில் ஓட்ட நினைப்பவர்கள், 1 கிலோவோட் சிறிய இயந்திரம் 2000 வோட் கருவியைத் தாங்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் குளிர்காற்றில் ஓடவிட்டு, மூக்கை மேல்நோக்கி நிமிர்த்தி வையுங்கள். நிறுத்திய பின்னும் அந்த மூக்கு நீண்ட நேரம் சுடும். சீலிங்குக்குப் பதிலாகச் சாக்கும் பொலித்தீனும் கட்டிய அறைகளில் கருவியை மேல்நோக்கிப் பிடித்து வேலை செய்யவே கூடாது.

என் முடிவு இதுதான். டவுனில் சொந்தக் கடையும் 13 அம்பியர் பிளக்கும் இருந்தால் வயருள்ளதை வாங்குங்கள். பலம் அதிகம், விலையும் பொதுவாகக் குறைவு. லயன் லயனாகச் சென்று வேலை செய்பவர் என்றால் பற்றரியே பொருத்தம். அடுத்தவர் வீட்டு வயரிங் எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அந்த வீட்டாருக்கும் தெரியாது.