தன்கோளும் பிறன்கோளும்: தமிழில் மேற்கோள் காட்டும் முறை வளர்ந்த கதை

மேற்கோள் காட்டுதல் என்பது தன் சொல்லையும் பிறர் சொல்லையும் பிரித்துக் காட்டும் நேர்மை. தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகளை அடுக்கும்போது ‘தன்கோட் கூறல்’, ‘பிறன்கோட் கூறல்’ இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. தொல்காப்பிய நூற்பாக்களில் திரும்பத் திரும்ப வரும் ‘என்ப’, ‘என்மனார்’ ஆகிய சொற்களும், சொல்லப்படும் கருத்து முன்னோருடையது என்பதை ஒப்புக்கொள்பவையே.

இடைக்கால உரையாசிரியர்கள் தம் விளக்கத்துக்குச் சான்றாகப் பழம்பாடல்களை ஏராளமாக எடுத்தாண்டனர். நச்சினார்க்கினியர் போன்றோர் பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் எழுதி, நூற்பெயரைச் சொல்லாமல் விட்டனர். நூல்களை மனப்பாடமாகக் கற்றவர்களுக்காக எழுதப்பட்ட உரைகள் அவை. அடியைக் கேட்டதும் நூல் நினைவுக்கு வந்துவிடும். நூல்கள் வழக்கொழிந்த பிறகுதான் இது பெரும் இடராயிற்று. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளியோ மெய்யெழுத்துக்குப் புள்ளியோ இராது. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குப் புலப்படாது.

பாடலோடு அது எடுக்கப்பட்ட நூலின் பெயரையும் காத்த தொகுப்பு புறத்திரட்டு. முழுமையாகக் கிடைக்காத முத்தொள்ளாயிரம், தகடூர் யாத்திரை போன்ற நூல்களின் பாடல்களை இன்று அடையாளம் காண முடிவது அந்தக் கவனத்தால்தான்.

பெயரில்லா மேற்கோள்களின் ஊரைத் தேடும் பணி காவிரிக் கரையில் நடந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரான உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதன் உரையில் வந்த மேற்கோள்கள் எந்நூலின என்று தெரியாமல் தவித்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளில் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கிடைத்தபோது அந்த அடிகள் பலவற்றின் மூலநூல் தெரிந்தது. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அச்சாயின. மேற்கோள் விளக்கம், பாடவேறுபாடு, அகராதி ஆகியவை பதிப்பின் உறுப்புகளாயின. இதற்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, சொற்பொருளுக்குச் சான்றாக நூற்பெயர்ச் சுருக்கத்தையும் எண்ணையும் தந்தது. ‘சிலப்.’, ‘புறநா.’ போன்ற சுருக்கங்கள் தமிழாய்வின் பொதுவழக்காயின.

காரைக்கால் வட்டாரத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டே காரைக்கால் அம்மையார் பாடல்களைக் காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியை மேற்கோள் காட்டும் மாணவர் ‘பதினோராம் திருமுறை, அற்புதத் திருவந்தாதி, பா. 20’ என்பதுபோல் குறித்தால் போதும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாட்டெண் மாறாது. உரைநடை நூலுக்கு இது பொருந்தாது; அங்கே பதிப்பாண்டும் பக்க எண்ணும் கட்டாயம் வேண்டும்.

ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் மேலைப் பல்கலைக்கழக மரபிலிருந்து வந்தவை. அவற்றை எழுதும் முறையை வகுக்கும் சிகாகோ கையேடு 1906இல் முதன்முதலாக வெளிவந்தது. இவ்வகை முறைகள் ஆசிரியரின் குடும்பப் பெயரை முன்வைப்பவை. தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கும். ஆகவே மு. வரதராசன் பட்டியலில் ‘வரதராசன், மு.’ என வகர வரிசையில் நிற்பார். தந்தை பெயரை விரித்து அதையே குடும்பப் பெயராக்கினால், நூலைத் தேடுபவர் ஆசிரியரைக் காணாமல் அலைவார்.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத்திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 60 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படலாம். மேற்கோள் குறி இட்டு, மூலம் சுட்டி எடுத்தாளும் பகுதிகள் இக்கணக்கில் சேரா. பிறன்கோளைப் பிறன்கோள் என்றே கூறும் பழைய உத்தி இன்று சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றிருக்கிறது.