ஜாஸ் இசையும் வானொலியும்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபொழுது, கரிகாற் பெருவளத்தானைப் பற்றியோ இராசராசனைப் பற்றியோ எழுதுவேன் என அவர் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுதத்தக்க புலவர் நம்மிடையே உளர். பள்ளியிறுதி வரையே பயின்று, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எளியேன், செவி வழியாகக் கற்ற ஒரு வரலாற்றையே ஈண்டு கூற முற்படுகின்றேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எலப்புள்ளியில் எங்கள் இல்லத்தில் பழைய வானொலிப் பெட்டியொன்று இருந்தது. இரவுப் பணி இல்லாத நாள்களில் என் தந்தையார் அதன் முன் அமர்வார். 1966ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவை நிலையத்தின் நிகழ்ச்சிகள் முடிந்த பின்னர், முள்ளைச் சிற்றலைப் பக்கம் திருப்புவார். இரைச்சலுக்கும் சீழ்க்கை ஒலிக்கும் நடுவே, ரயில் ஓட்டம் போன்றதோர் இசை எழும். அதன்பின் ஆழ்ந்த குரலொன்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசும். ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்த எங்களுக்கும் அது விளங்கிற்று.

அக்குரலுக்குரியவர் வில்லிஸ் கொனோவர். 'அமெரிக்காவின் குரல்' வானொலியில் 1955ஆம் ஆண்டு ஜாஸ் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு தாம் மறையும் வரை நடத்திய பெருந்தகை அவர். அந்த முகப்பு இசை, டியூக் எலிங்டன் குழுவுக்காகப் பில்லி ஸ்டிரேஹார்ன் அமைத்த 'டேக் தி ஏ ட்ரெயின்' என்பது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்குச் செல்லும் சுரங்க ரயிலின் பெயரே அது. 'நம் இலாகாப் பாட்டு' என்று என் தந்தையார் நகைப்பார்.

கொனோவர் இசைத்தட்டுகளைச் சுழல விட்டு வாளாவிருந்தவர் அல்லர். வாசிப்பவர் யார், எவரிடம் கற்றார், எந்த ஆண்டில் பதிவாயிற்று என்பனவற்றைச் சுருங்கச் சொல்லுவார்; கலைஞர்களையே அழைத்து உரையாடுவார். அந்நிகழ்ச்சிகளாலும் பின்னர்ப் படித்த நூல்களாலும் நான் அறிந்த வரலாறு இது.

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கப்பலேற்றப்பட்ட மக்கள், அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாயினர். தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டு அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். முரசொலி கலகத்துக்கு அழைப்பாகும் என அஞ்சிய ஆட்சியினர், மறு ஆண்டே அடிமைகள் முரசு கொட்டுவதைச் சட்டத்தால் தடுத்தனர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரிலோ, காங்கோ சதுக்கம் என்னுமிடத்தில் ஞாயிறுதோறும் அவர்கள் கூடி ஆடவும் கொட்டவும் இடமிருந்தது. அத்தாளத்தோடு, வயல்வெளிப் பாட்டும் கோயிற் பாட்டும் பட்டாளத்துப் பித்தளை ஊதுகருவிகளும் காலப்போக்கில் கலந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் பிறந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் பட்டி போல்டன். ஆனால் அவர் வாசித்த ஓர் இசைத்தட்டேனும் இன்று நமக்குக் கிடைத்திலது. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தபோது, அதில் வாசித்தவர் அனைவரும் வெள்ளையர்! விதைத்தவர் ஒருவர்; பெயர் பெற்றவர் வேறொருவர்.

அக்காலத்தே தென் மாநிலக் கொடுமைக்கு ஆற்றாது, கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் ரயிலேறி வடக்கே குடிபெயர்ந்தனர். லூயி ஆம்ஸ்டிராங் என்னும் மேதையும் தம் ஆசான் கிங் ஆலிவர் அழைக்க, 1922இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை விட்டு ரயிலிலேயே சிக்காகோ போய்ச் சேர்ந்தார். புல்மன் வண்டிகளில் பணிபுரிந்த கறுப்பின ஊழியர்கள், சிக்காகோவில் அச்சான தம் மக்களின் செய்தித்தாளைத் தெற்கே கொண்டு சென்று பரப்பினர். ஒரு மூட்டைத் துணியோடும் நினைவிலிருந்த பாட்டுகளோடும் ஊர்விட்டு ஊர் வந்த நம் முன்னோரை இதனைப் படிக்கும்போது நினையாதிருக்க இயலுமோ?

வானொலிக்கு நிறம் தெரியாது. பெட்டியின் முன் அமர்ந்திருந்த எனக்கு, வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்பது தெரிந்ததில்லை. இனிமை ஒன்றே தெரிந்தது. அவரது நாட்டிலோ நிலைமை வேறு. தம் நாட்டின் பெருமையைக் காட்ட அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பிய அதே காலத்தில், தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர் வெள்ளையர் பள்ளியில் கால் வைக்க இயலவில்லை. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர் தடுக்கப்பட்டபோது, சோவியத் நாட்டுக்கு அரசின் சார்பில் செல்ல ஆம்ஸ்டிராங் மறுத்துவிட்டார். வெள்ளையரான டேவ் புரூபெக்கின் குழுவில் யூஜீன் ரைட் என்னும் கறுப்பினக் கலைஞர் இருந்தார். அவரை நீக்கிவிட்டு வருமாறு 1960இல் தென் மாநிலக் கல்லூரிகள் பல கேட்டன. புரூபெக் இணங்காமல், வருவாயை இழந்து அக்கச்சேரிகளை விட்டொழித்தார்.

அந்தப் புரூபெக் குழுவினர் 1958இல் நம் நாட்டுக்கும் வந்தனர். சென்னையில் அவர்கள் கேட்டு வியந்தது மிருதங்க வித்துவான் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பை. முரசு வாசிக்கும் ஜோ மொரெல்லோ, மொழி அறியாத போதும் லயத்தின் வழியே அவருடன் உறவாடினார்.

பிள்ளையவர்கள் இடக்கை வழக்கமுடையவர். அவர் மேடையில் அமர்ந்தால் பாடகருக்கு மறுபக்கம் அமர வேண்டும். வயலின் வித்துவான் இடம் மாற வேண்டும். இதனால் அவரை உடன் வைத்துக்கொள்ளத் தயங்கியோர் அக்காலத்தில் உண்டு. அவர் திறமையைக் கண்டு ஆதரித்து, தம் கச்சேரிகளில் வாசிக்கச் செய்து உலகறியச் செய்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். செம்பை எங்கேயுள்ளது? இதே பாலக்காட்டுச் சீமையில், நம் எலப்புள்ளியிலிருந்து அரை நாட்பொழுதில் போய்வரும் தொலைவில் உள்ளது. அமெரிக்காவில் புரூபெக் தம் தோழருக்காகச் செய்த அறத்தை, நம் அண்டை ஊர்க்காரர் முன்னரே செய்து காட்டினார். அங்கே தடையாய் நின்றது நிறம். இங்கே தடையாய் நின்றது கை. வானொலியிலோ இடக்கையும் தெரியாது, வலக்கையும் தெரியாது, நாதமே கேட்கும்.

அன்பர்களே! நம் காலனியிலும் யார் எவருடன் அமர்வது, எவர் வீட்டுப் பிள்ளை முதலில் பாடுவது என்னும் மனக்கசப்பு விழாக்காலத்தே தலைகாட்டுவதை நாம் அறிவோம். பந்தலில் இடத்தை எண்ணும் நாம், பாட்டைக் கேட்க மறந்து விடுகிறோம். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. நம் பாட்டிமார் அறிந்த தாலாட்டும் நடவுப் பாட்டும் கும்மியும் இன்ன ஊரிலிருந்து வந்தவை, இன்னாரிடம் கற்றவை எனச் சொல்லி வைப்பார் இல்லாமையால், பட்டி போல்டனின் இசைபோல் காற்றோடு கலந்து வருகின்றன.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம், சங்கக் கூடத்தில் பிள்ளைகளை அமர்த்துவோம். மூத்தோர் ஒருவர் ஒரு பாட்டைப் பாடட்டும். அதன் ஊரையும் அதைக் கற்பித்தவர் பெயரையும் கொனோவரைப்போல் நிறுத்தி நிதானமாய்ச் சொல்லட்டும். பிள்ளையொருவர் குறிப்பேட்டில் எழுதட்டும். முதல் ஞாயிறன்று என் அன்னையார் வந்து பாட இசைந்துள்ளார். எழுதும் பணியை, பேரேட்டில் பழகிய இக்கை மகிழ்வோடு ஏற்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!